ஹமர் நேராகப் போக: பியானோ பிளாஞ்சுக்கு ஒட்டுக் கடதாசி தெரிவு செய்தலும் தயாரித்தலும்

பியானோவின் ஹமர் (தந்தியை அடிக்கும் சுத்தியல்) தந்தியை நோக்கிப் போகும்போது இடமோ வலமோ சரிந்தால், அதைத் திருத்துவது பிளாஞ்சுக்குக் கீழே வைக்கும் ஒரு மெல்லிய கடதாசிக் கீலம். பிளாஞ்ச் என்பது ஹமரைத் தாங்கி ரெயிலில், அதாவது ஹமர் வரிசையைத் தாங்கும் நீளச் சட்டத்தில், திருகப்படும் சின்ன மரத்துண்டு. அது ரெயிலில் உட்காரும் முகத்தில், ஒரு பக்க ஓரத்தில் மட்டும் கடதாசி வைத்தால் பிளாஞ்ச் இலேசாகச் சாயும். அதோடு அதற்குள் இருக்கும், ஹமர் சுழலும் அச்சான சென்ரர் பின்னும் சாய, ஹமரின் பாதை திரும்பும். வேலை இவ்வளவுதான். ஆனால் எந்தக் கடதாசி, என்ன தடிப்பு, எந்தப் பசை என்பதில் பிழை விட்டால், இன்று நேராகப் போன ஹமர் அடுத்த மாரிக்குள் பழையபடி சரியும்.

சரிந்து போகும் ஹமரை அதன் தலையிலுள்ள ஃபெல்ற்றை (அழுத்திய கம்பளியை) பார்த்தே பிடிக்கலாம். தந்திகள் பதிந்த தடங்கள் நேர்கோடாக இல்லாமல் ஒரு பக்கம் தேய்ந்து அகன்றிருக்கும். மெதுவாக வாசித்தால் ஒன்றும் தெரியாது, வேகமாக வாசித்தால் பக்கத்து ஹமரோடு உரசி 'டக்' என்று ஒலிக்கும். சென்ரர் பின்னைச் சுற்றியுள்ள துணியும் ஒரு பக்கமாகத் தேயத் தொடங்கும்.

கடதாசியைத் தொடமுன் பார்க்க வேண்டியவை

முதலில் பிளாஞ்ச் திருகாணிகளை எல்லாம் இறுக்குங்கள். யாழ்ப்பாணத்தில் இந்த ஒரு வேலையிலேயே பாதி ஹமர்கள் திருந்துவதுண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊதிய மரம் சோளகக் காற்றுக் காலத்தில் வற்றும்போது திருகாணித் தலைக்குக் கீழே பிடி தளர்கிறது. தளர்ந்த பிளாஞ்சுக்குக் கடதாசி வைப்பது ஆடும் கதிரைக்குக் கம்பளம் விரிப்பது போல. கடற்கரையை அண்டிய இடங்களில் திருகாணி உப்புக் காற்றில் துருப்பிடித்து மரத்தோடு ஒட்டியிருக்கும். அதைப் பலவந்தமாகத் திருகினால் தலை முறியும். முதலில் மிகச் சற்றே இறுக்கும் பக்கமாக அசைத்து, பிறகு தளர்த்துங்கள்.

அடுத்தது சென்ரர் பின். ஹமரின் தலையை இரண்டு விரலால் பிடித்து இடம் வலமாக மெல்ல ஆட்டுங்கள். பிளாஞ்ச் அசையாமல் ஹமர் மட்டும் ஆடினால் பின் தளர்ந்துவிட்டது, அல்லது அதன் துணி தேய்ந்துவிட்டது. பின்னை ஓர் இலக்கம் பெரிதாக மாற்றுவதுதான் அதற்கு மருந்து. வழமையான 20ஆம் இலக்கப் பின்னின் விட்டம் 1.27 மி.மீ. ஒவ்வொரு முறையும் வேறு வழியில் போகும் ஹமருக்குக் கடதாசி ஒன்றும் செய்யாது.

இந்த வேலைக்கு மாசி, பங்குனி மாதங்கள் நல்லவை. அடைமழையில் செய்தால் மரம் ஊதிய நிலையிலும், சோளகம் கடுமையாக வீசும்போது செய்தால் வற்றிய நிலையிலும் அளவு எடுப்பீர்கள். இரண்டுமே பாதி வருடத்தில் மாறிவிடும்.

எந்தக் கடதாசி

இதற்கென்றே பசை பூசிய ஒடுங்கிய கடதாசிச் சுருளைப் பியானோ உதிரிப்பாகம் விற்பவர்கள் வைத்திருப்பார்கள். கிடைத்தால் அதையே வாங்குங்கள். கிடைக்காவிட்டால் தண்ணீர் தடவி ஒட்டும் பழுப்புக் கடதாசி ரேப் அதற்கு மிகக் கிட்டியது. படத்துக்குச் சட்டம் போடும் கடைகளில் கேட்டுப் பாருங்கள், பின்பக்க மட்டையை மூட அதைப் பாவிப்பார்கள். வாங்கும்போது ஒரு துண்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். உள்ளே நூல் அல்லது கண்ணாடி இழை ஓடினால் வேண்டாம். பெட்டி கட்டுவதற்கு அந்த இழை நல்லது, ஆனால் பிளாஞ்சுக்குக் கீழே அது ஒரு மேடு. பிளாஞ்ச் அந்த இழையின் மேல்தான் உட்காரும், கடதாசியின் மேல் அல்ல.

நல்ல கடதாசிக்கு மூன்று குணங்கள் வேண்டும்: அடர்த்தி, ஒரே சீரான தடிப்பு, தண்ணீரில் கரையும் பசை. அடர்த்தியை நகத்தால் அறியலாம். நகத்தை அழுத்தி இழுத்தால் பள்ளம் விழும் கடதாசி திருகாணியின் அழுத்தத்திலும் நசியும். பத்திரிகைக் கடதாசி இப்படித்தான். வைத்த அன்று சரியாக இருக்கும், இரண்டு மூன்று கிழமையில் நசிந்து மெல்லிசாகிவிடும். மினுங்கும் சஞ்சிகைத் தாளில் உள்ள களிப்பூச்சு ஈரம் பட்டதும் கழன்று வரும். வரைபடத்தைப் படியெடுக்கும் ரேசிங் தாள் ஈரத்துக்கு ஊதுவதில் எல்லாவற்றையும் விட மோசம், நமது மாரிக்கு ஒத்தே வராது. கடைப் பற்றுச்சீட்டுத் தாளுக்கு மேலே வழுக்கும் பூச்சு உண்டு. அச்சுக்குப் பாவிக்கும் சாதாரண 80 ஜி.எஸ்.எம். வெள்ளைக் கடதாசி நல்லது. அதற்கு நாமே பசை பூச வேண்டும்.

மாஸ்கிங் ரேப் கைக்கு இலகுவாகக் கிடைப்பதால் பலரும் அதைத்தான் ஒட்டுகிறார்கள். அது பெரிய பிழை. அதன் கடதாசி சுருக்கு வைத்தது, அழுத்தினால் படியும். அதன் இறப்பர்ப் பசை நமது வெயிலில் இளகி ஓரத்தால் பிதுங்கும். பிளாஞ்ச் அந்தப் பசையின் மேல் மெல்ல நகர்ந்து பக்கத்து ஹமரோடு முட்டும். சில வருடம் கழித்துக் கழற்றினால் கடதாசி ஒரு பக்கம், பசை ஒரு பக்கமாக ரெயிலில் படிந்திருக்கும். செலோரேப்பும் அப்படித்தான். சுப்பர் குளூ கொண்டு ஒட்டினால் பின்னர் கடதாசியை எடுக்கும்போது மரமும் பெயர்ந்து வரும். சிலர் மெல்லிய உப்புத்தாள் கீலம் வைப்பார்கள். வழுக்காது என்பது உண்மைதான், ஆனால் மரக் கைவேலை தெரியாதவர் ஒவ்வொரு முறையும் நகர்த்திப் பார்க்கும்போது அது ரெயிலைத் தின்றுவிடும்.

தடிப்பை அளத்தல்

மைக்ரோமீற்றர் இல்லாவிட்டாலும் அளக்கலாம். 80 ஜி.எஸ்.எம். கடதாசிக் கட்டில் 500 தாள் உண்டு. கட்டின் உயரத்தை அடிமட்டத்தால் அளந்தால் ஏறத்தாழ 50 மி.மீ. வரும், ஆகவே ஒரு தாள் 0.1 மி.மீ. பழுப்பு ரேப்பில் 20 துண்டு வெட்டி அடுக்கி, இரண்டு மரக்கட்டைக்கு நடுவே இறுக்கிப் பிடித்து அளந்து 20ஆல் வகுங்கள். பசையோடு சேர்த்துப் பெரும்பாலும் 0.1 முதல் 0.15 மி.மீ. வரை வரும்.

இந்தப் பத்தில் ஒரு பங்கு மில்லிமீற்றர் என்ன செய்யும் என்பதைக் கணக்கால் விளங்கிக்கொள்வது நல்லது. பிளாஞ்சின் அகலம் 10 மி.மீ., கீலத்தின் அகலம் 3 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பிளாஞ்ச் ஒரு பக்கம் தன் சொந்த விளிம்பிலும், மறுபக்கம் கீலத்தின் உள் விளிம்பிலும் தாங்கி நிற்கிறது. இரண்டுக்கும் இடையே 7 மி.மீ. அந்த 7 மி.மீ. தூரத்துக்கு 0.1 மி.மீ. உயர்ந்தால், ஹமர் போகும் 45 மி.மீ. தூரத்துக்கு 0.6 மி.மீ. அளவு திரும்பும். மரம் கொஞ்சம் விட்டுக்கொடுப்பதால் நடைமுறையில் அரை மில்லிமீற்றர் என்று கொள்ளலாம்.

இதில் கவனிக்க வேண்டியது உள் விளிம்பு. அதே கடதாசியை 5 மி.மீ. அகலத்தில் வெட்டினால் உள் விளிம்பு நடுவுக்கு வந்துவிடும், சாய்வு கூடும். தடிப்பு மாறாமலே விளைவு மாறும். ஒரு கீலம் 2 மி.மீ., இன்னொன்று 4 மி.மீ. என்று கண்மட்டத்தில் வெட்டுகிறவர், ஒரே கடதாசி ஒவ்வொரு ஹமரிலும் ஒவ்வொரு மாதிரி வேலை செய்கிறதே என்று மினைக்கெடுவது இதனால்தான். எல்லாவற்றையும் 3 மி.மீ. அகலத்தில் வெட்டி, வித்தியாசத்தைத் தடிப்பால் மட்டும் கொண்டுவாருங்கள்.

மூன்று தடிப்புப் போதும். 0.05 மி.மீ. அளவுக்கு மெல்லிய விமானத் தபால் கடதாசி, 0.1க்கு வெள்ளைக் கடதாசி அல்லது பழுப்பு ரேப், 0.2க்கு அந்த வெள்ளைக் கடதாசியையே இரட்டையாக ஒட்டியது.

பசை தயாரித்தல்

வேலம் பிசின் தூள் 10 கிராம், இளஞ்சூட்டுத் தண்ணீர் 20 மி.லீ., கிளிசரின் இரண்டு துளி. பிசினைத் தண்ணீரில் இட்டு இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் பழைய வேட்டித் துணியில் வடித்து, பிறகு கிளிசரினைக் கலக்குங்கள். கிளிசரின் இல்லாவிட்டால் காய்ந்த பசை நொறுங்கும். கூடினால் மழைக்காலத்தில் காற்றிலுள்ள ஈரத்தையே குடித்துப் பிசுபிசுக்கும். இரண்டு துளி என்றால் இரண்டே துளி.

கடதாசிக்கும் மரத்தைப் போல ஓட்டம் உண்டு. ஒரு சின்னச் சதுரத்தை வெட்டி ஒரு பக்கத்தை நனையுங்கள். அது குழாய் போலச் சுருளும். குழாயின் நீளம் எந்தத் திசையோ அதுவே கடதாசியின் ஓட்டம். கீலத்தின் நீளம் அந்தத் திசையில் வருமாறு வெட்ட வேண்டும். குறுக்கே வெட்டிய கீலம் பசையை நனைத்ததும் நெளிந்து விரலில் சுற்றிக்கொள்ளும். நேரே வைக்கவே முடியாது.

கடதாசியை ஒரு கண்ணாடியின் மேல் வைத்து நான்கு மூலையையும் ஒட்டி, அகலமான மென்தூரிகையால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஒரே ஒரு தடவை பூசுங்கள். இரண்டாம் பூச்சு வேண்டாம். பசைத் தடிப்புக்குச் சீர் இருக்காது. வெயிலில் வைக்காமல் விறாந்தை நிழலில் காயவிடுங்கள், எறும்பு வராத இடமாகப் பாருங்கள். காய்ந்த பின் தாள் பசைப் பக்கமாகச் சுருளும். பசைப் பக்கம் மேலே இருக்க மேசை விளிம்பில் மெதுவாக இழுத்தால் பசைப் படலத்தில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் விழுந்து தாள் தட்டையாகும்.

தச்சரின் வச்சிரத்தை நீர்க்கக் காய்ச்சிப் பூசினாலும் சரி. கஞ்சிப் பசை மட்டும் வேண்டாம். இராமபாணப் பூச்சிக்கு அது விருந்து, பூட்டிக் கிடக்கும் பியானோவில் கடதாசியையும் சேர்த்துத் தின்றுவிடும். வெள்ளைத் தச்சுப் பசை காய்ந்த பின் தண்ணீருக்கு இளகாது, ஆகவே முன்கூட்டிப் பூசி வைக்க உதவாது.

வெட்டுவதற்குப் புதிய பிளேட்டும் இரும்பு அடிமட்டமும் வேண்டும். கத்தரிக்கோல் வேண்டாம், அது விளிம்பைச் சுருட்டும். கண்ணாடியின் மேல் வைத்து ஒரே இழுப்பில் வெட்டி, விளிம்பை விரலால் தடவுங்கள். பிசிறு தட்டுப்பட்டால் அந்தக் கீலத்தை எறிந்துவிடுங்கள். பிளாஞ்ச் ரெயிலில் உட்காரும் முகத்தை அளந்து, அதைவிட 1 மி.மீ. குறைந்த நீளத்தில் துண்டாக்குங்கள். ஒவ்வொரு தடிப்பையும் தனித்தனித் தகரப் பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு மூடுங்கள். திறந்து வைத்தால் வாடைக் காற்றுக்கு எல்லாம் ஒட்டி ஒரே கட்டியாகிவிடும்.

எது சரிகிறது, எந்தப் பக்கம்

அப்ரைட் (நிமிர்ந்து நிற்கும் பியானோ) என்றால் ஆக்ஷனை, அதாவது ஹமர்களை இயக்கும் பொறித்தொகுதியை, கழற்றாமலே பார்க்கலாம். ஐந்தாறு ஹமர்களை ஒரு தட்டையான மரச்சட்டத்தால் தந்தி வரை மெதுவாகத் தள்ளி, அவற்றுக்கு இடையிலுள்ள இடைவெளியைப் பாருங்கள். கிராண்ட் (தந்திகள் கிடையாக உள்ள பியானோ) என்றால் ஆக்ஷனை வெளியே இழுத்து மேசையில் வைக்க வேண்டும். இழுக்கும்போது விரலால் வாசிக்கும் ஒரு கட்டைகூட அழுத்துப்படக் கூடாது. எழும்பிய ஹமர் மேலேயுள்ள பலகையில் மாட்டி, அதன் காம்பான ஷாங்க் முறிந்துவிடும். மேசையில் வைத்த பின், ஷாங்குகளுக்குக் கீழே சட்டத்தைக் கொடுத்து ஐந்தாறாகத் தூக்குங்கள். பின்னால் ஒரு ரோச் வெளிச்சம் வைத்தால் இடைவெளி கோடுகோடாகத் தெரியும்.

இடைவெளி போகப்போக ஒடுங்கினால் இரண்டில் ஒன்று குற்றவாளி. அதை அறிய ஒன்றை மட்டும் தனியே அசைத்து, அசையாத அயலவரோடு ஒப்பிடுங்கள். சரிகிற ஹமரின் தலையில் சோக்கட்டியால் அம்புக்குறி போடுங்கள், சரிகிற திசைக்கு. முழு ஆக்ஷனையும் குறித்து முடித்த பிறகுதான் ஒரு திருகாணியைக்கூடக் கழற்ற வேண்டும்.

இனிப் பக்கம். கிராண்டில் பிளாஞ்ச் ரெயிலின் மேல் உட்கார்ந்திருக்கிறது, ஹமரும் மேலேதான் போகிறது. வலப்பக்கக் கடதாசி வலப்பக்கத்தை உயர்த்தி ஹமரை இடப்பக்கம் திருப்பும். ஆகவே எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கமே கடதாசி. அப்ரைட்டில் பெரும்பாலும் பிளாஞ்ச் ரெயிலின் முன்முகத்தில், வாசிப்பவரைப் பார்த்தபடி திருகப்பட்டிருக்கும். ஹமரோ ரெயிலைத் தாண்டித் தந்திப் பக்கம் போகிறது. அங்கே முறை தலைகீழ்: வலப்பக்கம் சரியும் ஹமருக்கு இடப்பக்கம் கடதாசி, உங்கள் பார்வையில். பழைய வகைகளில் ரெயிலின் அமைப்பு வேறாக இருக்கலாம். முதல் ஹமரில் பசை நனைக்காமல் ஒரு கீலத்தைச் செருகி இறுக்கிப் பாருங்கள். சரிவு குறைந்தால் பக்கம் சரி, கூடினால் மற்றப் பக்கம்.

ஒட்டுதல்

கழற்றமுன் பிளாஞ்சில் பென்சிலால் இலக்கம் எழுதுங்கள். அப்ரைட்டில் ஹமரைப் பிடித்திருக்கும் ஒடுங்கிய நாடாவின் தோல் நுனியைக் கம்பியிலிருந்து விடுவியுங்கள். சில வகைகளில் மெல்லிய கம்பி ஸ்பிரிங் ஒன்று பிளாஞ்சிலுள்ள நூல் வளையத்தில் கொழுவியிருக்கும். அந்த நூல் பழசானால் தொட்டதும் அறும். கவனம்.

பிளாஞ்சின் அடியில் ஏற்கெனவே கடதாசி இருந்தால் உடனே உரிக்க வேண்டாம். அது தொழிற்சாலையில் வைத்ததாக இருக்கலாம். இறுகிய, சுத்தமான கடதாசி என்றால் அப்படியே விட்டு, வேண்டியதை மட்டும் கூட்டுங்கள். நொறுங்கியோ மாஸ்கிங் ரேப்பாகவோ இருந்தால் முழுக்க எடுத்து, மரத்தை ஈரத் துணியால் துடைத்துக் காயவைத்து, புதிதாகத் தொடங்குங்கள்.

கீலத்தைச் சாமணத்தால் பிடித்து, பசைப் பக்கத்தை ஈரப் பஞ்சில் ஒருமுறை மட்டும் தொடுங்கள். பிளாஞ்சின் அடிமுகத்தில், வெளி விளிம்போடு விளிம்பாக, திருகாணித் துளையைத் தொடாமல், துளைக்கு முன்னும் பின்னும் சமமாக வருமாறு ஒட்டி விரலால் பத்து வினாடி அழுத்துங்கள். ஒட்டுவது பிளாஞ்சில்தான், ரெயிலில் அல்ல. பின்னொரு நாள் யாரும் அந்த ஹமரைக் கழற்றினால் கடதாசி அதோடு கூடவே போய்த் திரும்பி வரும். கீலம் முன்பக்கம் மட்டுமோ பின்பக்கம் மட்டுமோ இருந்தால் பிளாஞ்ச் நீளவாட்டிலும் சாய்ந்து, சென்ரர் பின்னின் உயரமே மாறிவிடும். ஹமர் தந்திவரை போகும் அடிதூரமும் அதோடு கெடும்.

ஐந்து நிமிடம் காயவிட்டுத் திருகாணியைப் போடுங்கள். இறுக்கும்போது பிளாஞ்ச் திருகாணியோடு சேர்ந்து சுற்றப் பார்க்கும். இரண்டு விரலால் பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளுங்கள். கை மணிக்கட்டின் பலம் போதும், தோள் பலம் வேண்டாம்.

திரும்பவும் சட்டத்தால் தள்ளிப் பாருங்கள். இன்னும் கொஞ்சம் சரிந்தால் 0.05 கீலம் ஒன்றைக் கூட்டுங்கள். 0.3 மி.மீ. தாண்டியும் திருந்தாவிட்டால் கடதாசியை நிறுத்துங்கள். அதற்கு மேல் பிளாஞ்ச் ஒரு விளிம்பில் மட்டும் தொங்கும், திருகாணி இறுக இறுக அது வெடிக்கும். பின் துளையே கோணலாக இருக்கலாம், அல்லது ரெயிலில் பழைய பசைக் கட்டி இருக்கலாம். பிளாஞ்சை மாற்றுவதே வழி.

கடதாசி வைத்த ஹமர் நின்ற நிலையிலும் சற்றுச் சாய்ந்து தெரியும். அதைப் பார்த்துக் கடதாசியைக் கழற்றாதீர்கள். முதலில் எல்லா ஹமர்களின் பாதையையும் நேராக்குங்கள். பிறகு திருகாணியைச் சற்றுத் தளர்த்தி ஒவ்வொன்றையும் அதன் தந்திகளுக்கு நடுவே நிறுத்துங்கள். தலைச் சாய்வை ஷாங்கைச் சூடாக்கித் திருப்பித் திருத்துவது அதற்குப் பிறகு. ஷாங்கை முதலில் சூடாக்கிவிட்டுப் பின்னர் கடதாசி வைத்தால், திருத்திய சாய்வு அப்படியே கெட்டுப்போகும், அந்த வேலையை இரண்டாம் முறை செய்ய வேண்டிவரும்.

எந்த ஹமருக்கு எந்தப் பக்கம் எத்தனை கடதாசி என்பதை ஒரு தாளில் எழுதித் திகதியோடு பியானோவின் கீழ்ப் பலகையின் உட்பக்கத்தில் செருகி வையுங்கள். ஆனி, ஆடியில் சோளகம் நன்றாக வீசியபின் ஒரு பின்னேரம் ஒதுக்கித் திருகாணிகளை மட்டும் மறுபடி இறுக்கி, அந்தத் தாளில் உள்ள ஹமர்களை ஒருமுறை தள்ளிப் பாருங்கள்.